கடலுக்கடியில் ஒரு பனமலை

கடலுக்கு ஸ்கேன் எடுக்கிற வேலை என்னுடையது. கப்பலிலிருந்து ஒலியைக் கீழே அனுப்புவார்கள். கடல்தரையிலும் அதற்கும் கீழே அடுக்கடுக்காய்ப் படிந்த மண்ணிலும் பட்டு அது திரும்பி வரும். அதைக் கணினியில் படமாக்கி, எந்த அடுக்கு எங்கே வளைகிறது என்று கோடு போடுவது எங்கள் குழுவின் பாடு. இதுவரை யாரும் சரியாகப் பார்க்காத ஆழ்கடல் பகுதி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை நான் செஞ்சியில், என் நைனாவின் ஜெராக்ஸ் கடைக்கு மேல் அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் சக பாவப்பட்ட ஜீவன்களே, மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

எதிர்க்கடை பாயின் கணக்கு

எதிரே போர்வெல் மோட்டார் விற்கிற பாய் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுக் கொல்லையில் எங்கே போர் போடலாம் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எங்கள் வேலைக்குக் கப்பல் வேண்டும், கடல் வேண்டும், செஞ்சியில் நடக்காது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மூணு கிலோமீட்டர் தண்ணியத் தாண்டி கீழ இருக்குறத பாக்குற. எங்க கொல்லையில நடுவுல தண்ணியே இல்ல. இன்னும் ஈஸியாத்தானம்மா இருக்கணும்?"

பேர் வைத்த கதை

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். படத்தில் ஒரு மேட்டை முதலில் பார்ப்பவர் அதற்குப் பேர் வைக்கலாம். அலுவலகக் கோப்பில் வெறும் எண்தான். பேச்சில் அந்தப் பேர்தான் ஓடும். அந்த மாதிரி மேட்டுக்குள் எண்ணெயோ வாயுவோ தங்கியிருக்கலாம் என்பதால் எல்லோருக்கும் மேடென்றால் உயிர். போன மாதம் அழகாய், உருண்டையாய் ஒன்று என் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்துக் கோயில் குன்றின் நினைவாகப் பனமலை என்று பேர் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் பேர் வைத்த முதல் மலை!

அந்த வார வெள்ளிக்கிழமை மேலிடக் குழு படத்தைப் பார்க்க இருந்தது. அவர்களுக்குத் திருப்தியென்றால் கப்பல் இன்னொரு முறை போகும். இல்லையென்றால் கோப்பை மூடிவிட்டு எங்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுவார்கள். இதையெல்லாம் சோறு சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னது என் தப்பு. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த அத்தனை பேருக்கும் செய்தி இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் நான் பால் வாங்கப் போனபோது பாய் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"கடலுக்குள்ள நம்ம பனமலை இருக்குதாமே! கோயிலும் ஏரியும்கூட தெரியுதா?"

இரண்டாம் வாய்ப்பாடு

புதன்கிழமை வீடியோ காலில் எங்கள் குழுத் தலைவியான மேடம் படத்தைப் பார்த்தார். "கடல்தரையில் பட்ட ஒலி எத்தனை நொடியில் திரும்புது?" என்றார். நாலு என்றேன். "உன் பனமலை?" எட்டு என்றேன். சொல்லும்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது.

விஷயம் இதுதான். கடல்தரையில் பட்டு மேலே வரும் ஒலி, நீர்ப்பரப்பில் மோதி மறுபடி கீழே போய் இன்னொரு சுற்று வரும். அதனால் கடல்தரையில் உள்ள ஒரு சின்ன மேடு, சரியாக இரண்டு மடங்கு நேரத்தில் பொய்யாக இன்னொரு முறை தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம். நான்தான் மலை கிடைத்த சந்தோஷத்தில் அடிப்பகுதியை மட்டும் பெரிதாக்கி, அதையே ரசித்துக்கொண்டிருந்தேன். படத்தின் மேல்பகுதிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. மேடம் திட்டவில்லை. சிரித்தார், அதுதான் மோசம்.

"ரெண்டாம் வாய்ப்பாடு மறந்துபோச்சா? எதிரொலியைச் சுத்தமா நீக்கிட்டுப் பார்ப்போம். மலையை வெச்சது நீ, நீயே எடு."

நைனாவின் கவலை

அந்த வேலையைக் கணினியில் ஓடவிட்டுக் கீழே இறங்கி வந்து, மலை பொய் என்று நைனாவிடம் சொன்னேன். குழு கலைந்துவிடும், என்னால்தான் கலையும் என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தாலுகா ஆபீஸ் வரைக்கும் சொல்லிட்டேனேடி. இப்ப இல்லன்னா இன்னா சொல்லுவாங்க? வெள்ளிக்கிழம வரைக்கும் மலை அங்கியே இருக்கட்டும், வுடு."

மலை போய்

வியாழக்கிழமை மதியம் புதுப் படம் வந்தது. பனமலை போன இடம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பொய் மேடு இத்தனை நாள் மறைத்திருந்த இடத்தில், அகலமாய் ஒரு பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. எந்தக் காலத்திலோ கடலடி நீரோட்டம் குடைந்து, பிறகு மணல் நிரம்பிய பள்ளம். எண்ணெய் தங்க மணலும் நல்ல இடம்தான். மேலும் கீழும் பார்த்தேன், வாய்ப்பாடும் போட்டுப் பார்த்தேன். நிஜம்! நான் குதித்த குதியில் நைனா ஜெராக்ஸை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்தார்.

வெள்ளிக்கிழமை மேலிடக் குழுவின் முன் என் தப்பான படத்தை முதலில் காட்டி, பிறகு புதியதைக் காட்டினேன். கப்பல் மறுபடி போகிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்தே இருக்கிறோம். குடைந்த இடம் என்பதால் இந்தத் தடவை, பாறையைக் குடைந்த குகைக்கோயில் இருக்கும் எங்கள் பக்கத்து ஊரின் பேரை, மண்டகப்பட்டு என்று வைத்தேன். "யாருகிட்டயும் சொல்லாத நைனா" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு மாடியேறினேன். கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் எதிர்க்கடையிலிருந்து பாயின் குரல் வந்தது.

"மலை போனா போவுது, குகை கெடச்சுதாமே! அப்டியே எங்க கொல்லையையும் ஒரு தபா பாரும்மா!"

கடலுக்கடியில் போகும் ஒலி திரும்பி வர எட்டு நொடி ஆகிறது. எங்கள் வீட்டு மாடியில் பேசுவது நைனா வழியாகச் செஞ்சியைச் சுற்றி என்னிடமே திரும்பி வர அதுகூட ஆவதில்லை.