நன்றியுரையின் கடைசி வரி

எங்கள் எஸ்டேட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. தப்பு வந்தால் அசிங்கம் என்று மைக் முன்னால் வர மறுப்பவர்களும் அவர்களேதான். எனக்கு அந்த அளவுக்கு மானரோஷம் இல்லாததால் பதினைந்து வருடங்களாக நன்றியுரை என் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது. குன்னூருக்குக் கீழே இருக்கும் தேயிலை எஸ்டேட்டின் ஆபீசில் நான் கிளார்க். கோயம்புத்தூர் கான்வென்ட்டில் படித்தவள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். படித்தது அரசுப் பெண்கள் பள்ளி. யாரும் கேட்காததால் நானும் மறுக்கவில்லை.

நன்றியுரைக்கு வேண்டிய ஆங்கிலம் மொத்தம் நாலே வார்த்தைதான். லாஸ்ட் பட் நாட் லீஸ்ட். மீதி எல்லாவற்றையும் தமிழில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இந்த நாலும் வராவிட்டால் விழா முடிந்ததாக இங்கே ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. 'கடைசியாக, ஆனால் குறைந்தவர் அல்லர்' என்று ஒரு வருடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

நானாவது கடைசியில் ஒரு தடவைதான் சொல்வேன். எங்கள் யூனியன் தலைவர் ஒரே பேச்சில் மூன்று தடவை சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் பிறகு இன்னும் பத்து நிமிடம் பேசுவார். ஓர் இரங்கல் கூட்டத்தில் வந்திருந்த பிரமுகர்களுக்கெல்லாம் வரிசையாக நன்றி சொல்லிவிட்டு, லாஸ்ட் பட் நாட் லீஸ்ட் என்று இறந்தவரைக் குறிப்பிட்டவரும் அவர்தான். வாக்கியத்தில் எங்கே போட்டாலும் பொருந்துகிற சொல் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த இடத்தில் யாரை வைப்பது என்பதில் மட்டும் தப்பே நடந்ததில்லை. குறைந்தவர் அல்லர் என்று யாரைப் பற்றி மெனக்கெட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதோ, அவரைத்தான் வைப்போம். என் நன்றியுரைகளில் அந்த இடம் எப்போதும் 'அனைத்துத் தொழிலாளர்களுக்கும்' என்றே இருந்தது. அந்த வார்த்தைகளை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். அதற்குள் பாதிப் பேர் எழுந்து நாற்காலியைத் தள்ளத் தொடங்கியிருப்பார்கள்.

போன டிசம்பரில் எங்கள் மேனேஜர் வால்பாறைக்கு மாற்றலானார். வெள்ளைக்காரர்கள் போய் இத்தனை காலமாகியும் மேனேஜர் இங்கே துரைதான், அவர் வீட்டுக்காரம்மா துரைசாணிதான். அதே மாதம் கிரஷ் ஆயாவும் ஓய்வு பெற்றார். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் கிரஷ். முப்பத்தோரு வருடம் அதை நடத்தியவர் அந்த அம்மாள். என் மகன் நடை பழகியது அவர் விரலைப் பிடித்துத்தான். நான் ஆபீசில் இலை எடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வழியனுப்பு விழாவுக்கும் ஒரே மேடை போதும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. துரைக்கு விழா; அதே விழாவில் ஆயாவுக்கு ஒரு சால்வை.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் ஆயா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, மைக்குல நன்றி சொல்லறது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க்கா."

"எல்லாத்துக்கும் நான் ஆயாதான். என்ற பேரு உங்க ரிஜிஸ்டர்ல மட்டுந்தான் இருக்குது. அன்னிக்கு ஒருக்கா பேரச் சொல்லிப்போடுங்க. பையனும் மருமவளும் திருப்பூர்ல இருந்து வர்றாங்க. மருமவப் புள்ளைக்கு நான் இங்க என்ன வேல செஞ்சேன்னே தெரியாதுங்க."

சொல்கிறேன் என்றேன். அப்பா பெயரின் முதலெழுத்தோடு முழுப் பெயரையும் தாளில் எழுதி, நாலாவது இடத்தில் வைத்தேன்.

தாள் ஹெட் கிளார்க்கிடம் போனது. அவர் டிஸ்பென்சரி டாக்டரைச் சேர்த்தார். யூனியன் தலைவரைச் சேர்த்தார். அவரைச் சேர்த்தால் எதிர் யூனியன் தலைவரையும் சேர்க்காமல் முடியாது. டீயோடு கொடுக்க வர்க்கி பிஸ்கட் அனுப்பிவைத்த பேக்கரிக்காரர் வந்தார். நாற்காலி இரவல் கொடுத்த பக்கத்து எஸ்டேட் வந்தது. முப்பத்தோரு வருடம் பிள்ளை தூக்கிய ஆயா, இரவல் நாற்காலிகளுக்கும் கீழே போய்ச் சேர்ந்தார்.

"ஆயா பேரக் கொஞ்சம் மேல போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்ல போட்டுருங்க. ரொம்ப மரியாதையான எடமுங்க அது."

அவ்வளவு மரியாதையான இடமென்றால் துரையை அங்கே வைக்கலாமே என்று கேட்டிருக்க வேண்டும். என் லீவு விண்ணப்பம் கையெழுத்துக்காக ஹெட் கிளார்க் மேசையில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

விழா எஸ்டேட் கிளப் ஹாலில் நடந்தது. மூன்று மணிக்குத் தொடங்க வேண்டியது, நாலு மணிக்கு வழக்கம்போல் நேரத்துக்குத் தொடங்கியது. துரை தன்னுடைய எளிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு "நம்ம ஆயா மேடைக்கு வரவும்" என்று கூப்பிட்டு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பினார்கள். ஆயா மூன்றாவது வரிசைக்குத் திரும்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். பேர் இனி என் பொறுப்பு.

என் முறை வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டிருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லைனுக்கு நடந்து போக வேண்டியவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். துரை, துரைசாணி, டாக்டர், இரண்டு யூனியன், வர்க்கி, நாற்காலி எல்லாவற்றுக்கும் நன்றியைப் பங்கு வைத்து முடித்தேன். "லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்" என்றேன். வழக்கம்போல் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. சத்தம் அடங்கட்டும், அந்தப் பெயர் கடைசி வரிசை வரைக்கும் கேட்கட்டும் என்று நிறுத்தினேன். ஹாலின் நடுவழியில் ஆயாவின் மகன் போனை உயர்த்திப் பிடித்து நின்றார். ஆயா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

தேசிய கீதம் ஒலிக்கத் தொடங்கியது.

எல்லோரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள். ஆயாவும் எழுந்தார், சால்வையோடு. தேசிய கீதத்தின்போது பேசக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் கற்றதில் எனக்கு மறக்காத ஒன்று. கையில் தாளோடு அசையாமல் நின்றேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கீதம் முடிந்த அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் போண்டாவை நோக்கி நகர்ந்தது.

மைக்செட்காரரிடம் ஓடினேன். ஐம்பதை நெருங்கும் மனிதர், எங்கள் எல்லா விழாவுக்கும் அவர்தான். அதற்குள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டைமிங் சரியா இருந்துச்சுங்களா?" என்றார் பெருமையாக. "பென் டிரைவ் பாட ஆரம்பிக்க அஞ்சாறு செகண்ட் புடிக்குமுங்க. நீங்க அந்த லாஸ்ட் பட்டுன்னு சொன்னதுமே அமுக்கிருவேன். எத்தன வருசமா அப்பிடித்தானுங்களே."

அதற்குப் பிறகு வரும் சொற்களை இவர் ஒரு வருடம்கூடக் காதில் வாங்கியதில்லை. இவரை மட்டும் சொல்வானேன்? அவை கேட்கும்படி நானும் ஒரு வருடம்கூடச் சொன்னதில்லை.

"ஒரு நிமிசம் மைக்க ஆன் பண்ணுங்க."

"மெயினையே கழட்டிட்டனுங்களே. அருவங்காட்டுல ஒரு ரிசப்சன் இருக்குதுங்க."

மைக் இல்லாமலேயே மேடையிலிருந்து கத்தியிருக்கலாம். நான் என்ன, முப்பது அடி ஹாலில் கத்த முடியாதவளா? அது மறுநாள் காலையில்தான் தோன்றியது. நல்ல யோசனைகள் எனக்கு எப்போதும் மறுநாள்தான் வரும்.

ஆயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார், பின்னால் மகனும் மருமகளும்.

"பேரச் சொல்லீட்டீங்களா அம்மணி? பொறகால நாக்காலிய இழுத்த சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க."

"சொல்லிட்டேங்க்கா" என்றேன்.

அவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆயா மருமகள் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு மகனிடம், "டேய், போன்ல எடுத்தீல்ல? ஊட்டுக்குப் போயிப் போட்டுக் காட்டு" என்றார்.

மகன் என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. செரியா அந்த நேரம் பாத்துச் சார்ஜ் போயிருச்சு."

போனைத் தன் அம்மாவுக்குத் தெரியாமல் என் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். திரையில், மேடைமேல் வாயைத் திறந்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். மேல் மூலையில் சார்ஜ் அறுபத்தெட்டு சதவீதம் என்று காட்டியது.