தில்லைக்கு ஆசைப்பட்ட பூங்கா

போன செவ்வாய்க்கிழமை காலை. கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன நேரம், செல்போன் அடித்தது.

"அக்கா, சங்கர் பேசறேன். ஷேர் ஆட்டோ சங்கர். பார்க்குல வேலை செய்யுதே செல்வி, அது வூட்டுக்காரன்."

"சொல்லுங்க சங்கர்."

"நீங்க வெச்ச செடியோட பால் செல்வி கண்ணுல பட்டுடுச்சுக்கா. தொறக்கவே முடியல. எரியுது எரியுதுன்னு கத்துது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கோம்."

இட்லி தட்டுக்கே திரும்பியது.

நீங்க வெச்ச செடி... உண்மைதான். நான்தான் வைத்தேன். போட்டோகூட இருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என்னுடைய புது வியாதி தெரியும். நம் பூங்காக்களில் நம் ஊர்ச் செடி எங்கே என்று கேட்டு மூன்று வாரம் பொரிந்து தள்ளியிருந்தேன். குல்மோகர் — மடகாஸ்கர். தூங்குமூஞ்சி மரம் — தென் அமெரிக்கா. வேலியோர டுரண்டா — அதுவும் அந்தப் பக்கம்தான். விசா இல்லாமல் வந்தவற்றுக்கெல்லாம் இடம் இருக்கிறது. புங்கனுக்கும் புன்னைக்கும் இல்லையா? பொது நிலத்தில் எதை நட்டாலும் இந்த மண்ணின் செடியாக இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கையே வகுத்தால் என்ன? தண்ணீர் ஜாஸ்தி கேட்காது, வெயில் தாங்கும், குருவி வரும், பட்டாம்பூச்சி வரும்...

யாராவது கேட்பார்கள் என்று நினைத்தா எழுதினேன்? சத்தியமாக இல்லை. ஆனால் ஒருவர் கேட்டுவிட்டார்!

சிதம்பரத்தை ஒட்டிய ஒரு பேரூராட்சியின் தலைவர். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வார். அவரே போன் செய்தார்.

"எம்மா, நல்லா சுருக்குனு எழுதியிருக்க. தீர்மானமே போட்டுடலாம். இனிமே நம்ப பார்க்கு, ரோட்டோரம், குளத்தங்கரை எல்லாத்துலயும் நம்ப ஊரு செடிதான். நீயே ஒரு லிஸ்ட் குடு."

பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் தில்லை. வேறென்ன? சிதம்பரத்தின் பழைய பெயரே அதுதானே! தில்லைநாயகம் என்று ஆள் இருக்கிறார், தில்லைக்கரசி இருக்கிறார், கடை போர்டுகளில் பாதி தில்லை. மரத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இந்த அவமானத்தைத் துடைக்கவே பிறந்தவள் போல நான் கிளம்பினேன்.

கிள்ளைப் பக்கம் உப்பங்கழி ஓரமாக நாற்றங்கால் வைத்திருக்கும் நிஜாம் அண்ணனிடம் இடுப்பு உயரத்தில் மூன்று கன்றுகள் வாங்கினோம். வண்டியில் ஏற்றும்போது அவர் சொன்னார்:

"தங்கச்சி, கிளையை ஒடிச்சா பால் வரும். கண்ணுல மட்டும் படக் கூடாது. பார்வையே போயிடும்பாங்க. அங்க இருக்கறவங்களுக்குச் சொல்லி வெச்சுடும்மா."

குறித்துக்கொண்டேன். அந்த வாரக் கட்டுரையில் எழுதவும் செய்தேன். ஆனால் கட்டுரை நீண்டுவிட்டது. ஒரு வரி வெட்ட வேண்டும். ‘தில்லைக்குத் தில்லை திரும்புகிறது’ என்ற என் அழகான வரியை வெட்டுவதா, பால் பற்றிய வரியை வெட்டுவதா?

எதை வெட்டினேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

செடி நடும் விழாவிலாவது சொன்னேனா? ஃப்ளெக்ஸ் பேனர், மைக் செட், தலைவர் கையில் பூவாளி, எதிரே ஊஞ்சலில் குழந்தைகள்... அந்த உற்சாகத்தில் மறந்தே போனேன்.

செல்வி அந்தப் பூங்காவின் தினக்கூலி ஊழியர். என் வயதுதான். நம் பேரூராட்சிப் பூங்காக்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு, தெரியுமா? எந்தச் செடியாக இருந்தாலும் தலை கிராப் வெட்டியது போல் மட்டமாக இருக்க வேண்டும். மேஸ்திரி வந்து பார்க்கும்போது ஒரு கிளை துருத்திக்கொண்டிருந்தால் திட்டு விழும். செல்வி டுரண்டாவை வெட்டினார், அடுத்து குரோட்டன்ஸை வெட்டினார், அதே கத்தரியோடு தில்லைக்கு வந்தார். கையில் வழிந்த பாலைச் சேலையில் துடைத்தார். வியர்வை இறங்கியதும் அதே கையால் கண்ணையும் துடைத்தார்.

அவ்வளவுதான்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வலது கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். டாக்டர் எரிச்சலில் இருந்தார்.

"தில்லைப் பால்னு சொல்றாங்க. புள்ளைங்க விளையாடற இடத்துல எந்தப் புத்திசாலிங்க இதக் கொண்டாந்து வெச்சது?"

பள்ளிக்கூடப் பழக்கம். கையைத் தூக்கிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கருவிழியில புண்ணு இருக்கு. நல்லாக் கழுவியிருக்கோம். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிச்சாத்தான் பார்வையப் பத்திச் சொல்ல முடியும்."

"அக்காவா? இந்தப் பக்கம் வாங்க. இந்தக் கண்ணுதான் இப்ப டியூட்டி பாக்குது" என்றார் செல்வி. போனேன். "நம்ப ஊரு செடி நம்பள ஒண்ணும் பண்ணாதுன்னு மைக்குல சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"நான் நம்பிட்டேன்க்கா."

மறைக்க முடியவில்லை. நிஜாம் அண்ணன் எச்சரித்ததையும் நான் வரியை வெட்டியதையும் சொல்லிவிட்டேன். சங்கர்தான் கேட்டார்.

"தெரிஞ்சேவாக்கா சொல்லாம வுட்டீங்க?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

வெளியே வந்தால் தலைவர் போன். "எம்மா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அந்தப் பொண்ணு கண்ணு நல்லாயிடுச்சுன்னா மேக்கொண்டு யோசிக்கலாம். இல்லன்னா தீர்மானத்தக் கிழிச்சுப் போட்டுட்டு பார்க்கு பூரா குரோட்டன்ஸ் வெச்சுடுவேன். அது யாரு கண்ணையும் கெடுக்கல பாரு."

தாவரவியல்படி குரோட்டன்ஸும் தில்லையும் ஒரே குடும்பம், தலைவரே... என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அன்றைக்குப் பாடம் நடத்தும் யோக்கியதை எனக்கு இல்லை. தீர்மானம் போனால் போகட்டும். அந்தக் கண்?

புதன், வியாழன் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். பல் தேய்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். ஒற்றைக் கண்ணோடு ரோடு தாண்டுவது எப்படி, ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று வேண்டாத யோசனையெல்லாம் வந்தது.

வெள்ளிக்கிழமை. செல்வி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கர். கதவருகே நான். பின்னால் ஒரு டஜன் ஆப்பிளோடு தலைவரும் வந்து நின்றார். டாக்டர் கட்டைப் பிரித்தார். இடது கண்ணைத் தன் கையால் மறைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தெரியுது?"

கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. செல்வி இமையைக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

"கலங்கலாத்தான் சார் இருக்கு... ஆளுங்க நிக்கறது தெரியுது..." முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. புருவம் சுருங்கியது. "என்னாக்கா, ஒரு காதுல மட்டும் கம்மல் போட்டுகிட்டு வந்திருக்கீங்க?"

காதைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாம்! காலையில் ஓடி வந்த அவசரத்தில் ஒன்றைத்தான் மாட்டியிருக்கிறேன். சங்கர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒரேயடியாக அழுதார். நான் அவருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"கம்மலே தெரியுதா? அப்பப் பயமில்ல. சொட்டு மருந்தை நிறுத்தாம போடுங்க. கலங்கலும் தெளிஞ்சுடும்" என்றார் டாக்டர்.

வராந்தாவில் தலைவர் ஆப்பிளை நீட்டினார். "என்னா செல்வி, எதுக்கு வம்பு? குரோட்டன்ஸே வெச்சுடலாமில்ல?"

"எதுக்குத் தலைவரே? செடி என்னா பண்ணுச்சு? அதப் பத்தி எனக்குச் சொல்லாம வுட்டதுதானே தப்பு?" என்னைப் பார்க்காமலே சொன்னார். "அந்த லிஸ்ட எடுங்க. மாமா, நீ படி. எனக்கு எழுத்து ஆடுது."

சங்கர் படிக்க ஆரம்பித்தார்.

"புங்கன்."

"இருக்கட்டும்."

"பூவரசு."

"இருக்கட்டும். புள்ளைங்க பீப்பீ ஊதும்."

"குண்டுமணிக் கொடி."

"அய்ய! பளபளன்னு செவப்பா இருக்கும். புள்ளைங்க மூக்குல போட்டுக்கும், வாயில போட்டுக்கும். அது வெசம். அடிச்சுடு."

"நாவல்."

"நடைபாதையில வேணாம். பழம் வுழுந்தா வாக்கிங் வர்ற பெருசுங்க வழுக்கி வுழுவாங்க. பின்னாடி மூலையில வைங்க."

"இலந்தை."

"சறுக்கு மரத்துகிட்ட முள்ளா? யாரு எழுதனது இத?"

நான் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆலமரம்."

"இருக்கறதே கைக்குட்டை அளவு பார்க்கு. ஆலமரம் வெச்சா காம்பவுண்டு சுவரு எங்க நிக்கும்? ஆத்தங்கரைக்கு எழுதிக் குடுங்க."

புன்னை, மகிழம், சரக்கொன்றை மூன்றும் கேள்வி இல்லாமல் பாஸ்.

நாம் கொள்கை என்றால் என்ன நினைக்கிறோம்? ஒரு மேஜை, ஒரு பட்டியல், ஒரு கையெழுத்து. பொது நிலத்தில் நம் மண்ணின் செடி வேண்டும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் செடியைத் தினமும் தொடப்போகும் கை யாருடையது என்று பட்டியல் போடும் எவராவது கேட்கிறோமா? உப்பங்கழி ஓரத்தில் தில்லை யாரையும் தொந்தரவு செய்யாமல்தான் நின்றிருந்தது. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கிராப் வெட்டியது நாம்தான்.

சனிக்கிழமை நிஜாம் அண்ணன் கையுறையோடு வந்து மூன்று கன்றுகளையும் வேர் மண்ணோடு எடுத்துக் கழியோரம் கொண்டுபோய் வைத்துவிட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். நியாயம்தான். தலைவர் தீர்மானத்தைக் கிழிக்கவில்லை. ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பராமரிக்கும் ஊழியரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட செடியை மட்டுமே நட வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்தது பத்து. தேறியது ஆறு. நூற்றுக்கு அறுபது, ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் — பேப்பர் திருத்திய செல்விக்கு மனசு பெரிது!