மாமாவைக் கேட்கிற மாடி

எங்கள் அப்பா சட்டம் படித்தவர் இல்லை, பார்சல் வான் ஓட்டியவர். ஆனாலும் வென்ட்வேர்த்வில்லில் யாருக்காவது கோர்ட்டுக் கடிதம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கோர்ட் தெரிந்தவர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர் பரமட்டாவில் ஒரு மாஜிஸ்திரேட் அம்மா.

வேகமாக ஓட்டி மாட்டிக்கொண்டு லைசன்ஸ் பறிபோகும் நிலையில் அப்பா அங்கே லோக்கல் கோர்ட்டுக்குப் போனார். லோயர் இல்லை. தானே எழுந்து நின்று, தம்பி பிறக்க இருந்ததையும், வேலையிடத்தில் சீக்கிரம் சீக்கிரம் என்று போட்டு விரட்டியதையும், வான் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும் என்பதையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாராம். கடைசியில் நன்றாக எச்சரித்து, லைசன்ஸைப் பறிக்காமல் அனுப்பிவிட்டார். "இந்த நாட்டு ஜட்ஜ்மார் மனிசர். உள்ளதை வடிவாச் சொன்னாக் கேப்பினம்" என்று அப்பா அதன் பிறகு சொல்லாத பிறந்தநாள் வீடு இல்லை.

ஆகவே மாமாவின் கேஸ் கோர்ட் வரைக்கும் வந்தபோது வீட்டில் கலங்காமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து படகில் தப்பி வந்தவர். கார் கழுவும் இடத்தில் வேலை, எங்கள் கூடத்து சோபாவில் படுக்கை, தற்காலிக விசா. அகதியாக ஏற்கும்படி அவர் கேட்டதைக் குடிவரவுத் திணைக்களம் மறுத்தது. பிறகு ட்ரிப்யூனல் என்ற விசாரணைச் சபையில் ஓர் அதிகாரியின் முன் இருத்தி, ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். தான் வேலை செய்த கடை வாசலில், ஆட்களைப் பிடித்துப் போகிற வான் வந்து நின்றது வரைக்கும் மாமா சொன்னார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கேட்கக் கேட்கத் தண்ணீர்தான் குடித்தாராம். நம்பும்படியாக இல்லை என்று எழுதி அவர்களும் மறுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஃபெடரல் கோர்ட். அங்கேயும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டு வயதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அம்மா அழுததிலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஓர் இளம் லோயர் இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அந்தக் கோர்ட்டில், ஊரில் நடந்த கதையைக் கேட்க மாட்டார்கள், சபை சட்டப்படி முடிவெடுத்ததா என்று மட்டுமே பார்ப்பார்கள் என்று அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். திரும்பி வரும்போது காரில் அப்பா அதைத் தள்ளுபடி செய்தார்.

"அது சின்னப் பிள்ளை. நான் கோர்ட்டைக் கண்டனான்."

அன்று தொடங்கியது ஒத்திகை. கூடத்தின் நடுவில் கதிரையைப் போட்டு அப்பா ஜட்ஜாக அமர்வார். மாமா ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். என்னையும் தம்பியையும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். வாடகை வீட்டுச் சுவர், அட்டை மாதிரி. எல்லாம் கேட்கும்.

"வான் வந்து நிண்டது. பிறகு?"

"அத்தான், ஒருக்காத் தண்ணி குடிச்சிட்டு..."

"அங்க நிண்டு தண்ணி குடிக்க ஏலாது. சொல்லு."

"விடுங்கோவன், அவனுக்கு வேர்த்துக் கொட்டுது" என்பார் அம்மா.

"இப்ப விட்டா அங்க போய் முழுசுவான். நாளைக்கு ஆர் அழுறது?"

அப்பா கொடுமைக்காரர் இல்லை. மாமாவைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஒவ்வொரு ஒத்திகையிலும் மாமா கொஞ்சம் முன்னேறினார். வானின் கதவு வந்தது. கண்ணைக் கட்டிய துணி வந்தது. கடையில் கூட வேலை செய்த சிநேகிதன் வந்தான். பிறகு ஒரு மாலையில் மாமா முழுவதையும் சொல்லி முடித்தார். பக்கத்து அறையில் சிநேகிதன் கத்திய சத்தம், பிறகு கத்தாமல் போனது, தன்னை மட்டும் வெளியே விட்டது. அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்த வார இறுதியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். மாமா சொல்லிவிட்டார், இனிப் பயமில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. அதன் பிறகு மாமா சோபாவில் படுக்கவே இல்லை, உட்கார்ந்தே விடிய வைத்தார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணை பள்ளி விடுமுறையில் வந்தது. பிள்ளையைக் கண்டால் ஜட்ஜுக்கு மனம் இளகும் என்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். இரட்டைப் பின்னல், கோயில் சட்டை. நகரத்து நடுவில் பெரிய கட்டடம். மாநிலத்தின் கோர்ட்டுக்கும் ஃபெடரல் கோர்ட்டுக்கும் அங்கே ஒரே வாசல், ஒரே லிஃப்ட். அவரவர் மாடியில் அவரவர் இறங்கிக்கொள்ள வேண்டும். அத்தனை பொத்தான்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஜட்ஜுக்கு நல்ல முகம். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்கார அன்ரி. அரசாங்கத்து லோயர் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். மாமாவின் முறை வந்தது. எழுந்து, தண்ணீரைத் தொடாமல், தெளிவான குரலில் தொடங்கினார். வான் வந்து நின்ற இடத்தில் ஜட்ஜ் மெதுவாகக் கையை உயர்த்தி ஏதோ சொன்னார்.

அன்ரி தமிழில் சொன்னார். "உங்களுக்குக் கஷ்டம் நடக்கலைன்னு அவர் சொல்லலை. ஆனா என்ன நடந்துச்சுன்னு முடிவு பண்ற அதிகாரம் அவருக்கு இல்லையாம். அந்த அதிகாரி சட்டத்துல எங்க தப்புப் பண்ணாங்க, அதை மட்டும் சொல்லுங்க."

மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அன்ரியிடம், "அண்டைக்கு எனக்குச் சொல்ல வரேல்ல. இப்பச் சொல்லுவன். கடைசி வரைக்கும் சொல்லுவன்" என்றார்.

அதையும் அன்ரி ஆங்கிலத்தில் சொன்னார். ஜட்ஜ் வருந்துவதாகச் சொன்னார். மதியத்துக்குள் மனு தள்ளுபடியாகிவிட்டது.

உயர்நிலைப் பள்ளியில் டீச்சர் பலகையில் இரண்டு ஏணிகள் வரைந்தார். ஒன்று மாநிலத்துடையது. லோக்கல் கோர்ட், அதற்கு மேல் டிஸ்ட்ரிக்ட், அதற்கும் மேல் சுப்ரீம். களவு, கொலை, கார் வேகம் எல்லாம் அதில். என்ன நடந்தது என்று அங்கே கேட்பார்கள். மற்றது ஃபெடரல் ஏணி. விசா விஷயம் அதில். அங்கே ஜட்ஜ் பார்ப்பது, முன்பு முடிவெடுத்தவர் சட்டத்தை மீறினாரா என்பதை மட்டும். முடிவு தவறாகவே இருந்தாலும் சட்டம் மீறாவிட்டால் அது நிற்கும். இரண்டு ஏணியும் உச்சியில், தலைநகர் கான்பராவில் உள்ள ஒரே கோர்ட்டில் சேர்கின்றன. அங்கே போயிருந்தாலும் வானைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பா ஏறிய ஏணி வேறு, மாமாவை ஏற்றிய ஏணி வேறு. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு இரண்டு ஏணியையும் அழகாக வரைந்தேன். டீச்சர் பாராட்டினார். அந்தப் படத்தை நான் அப்பாவிடம் காட்டவில்லை.

மாமாவை முதலில் தடுப்பு முகாமில் வைத்தார்கள், பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கோர்ட்டுக் கடிதத்தோடு வருகிறவர்களை அப்பா வாசலிலேயே நிறுத்தி, "எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

விசாரணை முடிந்த அன்று லிஃப்டில் மாமா மூலையில் சாய்ந்து நின்றார். நாங்கள் மாடி மாறிப் போய்விட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஜட்ஜே தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் அது வேறு யாருடைய வேலையோ. இவ்வளவு பெரிய கட்டடத்தில் அந்த ஆள் எங்கேயாவது உட்கார்ந்திருக்கத்தானே வேண்டும்?

"மாமா, உங்கட கதையை எந்த மாடியில கேப்பினம்?" என்று கேட்டேன்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினார். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மேலே இன்னும் எத்தனையோ மாடிகள் இருக்க, ஒன்றில்கூட இறங்கிக் கேட்டுப் பார்க்காமல், எங்களை ஏன் கீழே கூட்டிப் போகிறார் என்று.