கப்பலில் ஏறிய மூட்டை

டீசல் புகையும் புளி மூட்டையின் புளிப்பும் கலந்து தொண்டையில் இறங்கும் ஒரு வாடை உண்டு. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். எனக்குப் பத்து வயதில், அந்த வாடை தாங்காமல் தம்பி என் பாவாடையில் வாந்தி எடுத்த ஒரு நாளில்தான், நாங்கள் அந்தமான் கப்பலைப் பிடிக்க மலையிறங்கினோம்.

அப்பா போர்ட் பிளேரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒன்றரை வயதுத் தம்பியின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் கப்பல் டிக்கெட்டைக் கொடுத்தனுப்பி, எல்லோரும் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மா, நான், தம்பி மூவரும் போகிறவர்கள். துறைமுகம் வரை துணைக்கு அம்மாவின் தம்பி, என் மாமா. எங்களில் ஒருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

எங்கள் மலையில் அப்போது ஜீப்புக்கு நேரம் என்று ஒன்று கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். போகிறவர்கள் விடிந்ததும் மூட்டையை ஜீப்பில் போட்டு 'எடம் புடிச்சி' வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிக் கூழ் குடித்து, மாட்டை இடம் மாற்றிக் கட்டி, நிதானமாக வருவார்கள். மூட்டை ஏறிவிட்டால் ஆள் ஏறிய மாதிரிதான். மூட்டைக்காரர் வராமல் வண்டியை எடுத்த டிரைவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

திருப்பத்தூரில் டவுன் பஸ் ஏறி, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து, கழிப்பறைப் பக்கத்தில் நின்றுகொண்டே சென்னை வந்து, சென்ட்ரலில் துண்டை விரித்துப் படுத்துக் காலையில் எழுந்தோம். எதிரே பார்க் ஸ்டேஷன். அங்கே மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பீச், அதைத் தாண்டினால் துறைமுகம் என்று விசாரித்து வைத்திருந்தோம். பத்து மணிக்குள் உள்ளே போக வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் தம்பி வாந்தி நாற்றத்தோடு இருந்தான், என் தலை பரட்டையாகக் கிடந்தது. இந்தக் கோலத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் நிறுத்த அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"டேய், நீ முன்ன போய் மூட்டைய ஏத்திடு. புள்ளைங்களக் கழுவிக் கூட்டினு வர்றேன்."

"நேரமாய்டும்க்கா."

"மூட்டை ஏறிட்டா அவன் எப்பிட்றா எடுப்பான்? போடா, பெரிசா சொல்ல வந்துட்டான்."

மாமாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. சாமை, புளி, எங்கள் துணிமணி எல்லாம் கட்டிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். டிக்கெட் அம்மாவின் சுருக்குப் பையில் இருந்தது. அம்மா குழாயடியில் தம்பியைக் குளிப்பாட்டினாள், எனக்கு இரட்டைச் சடை பின்னினாள், இட்லி வாங்கி ஊட்டினாள். அவ்வளவு நிதானமாக அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் போனபோது துறைமுக வாசலில் மாமா வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஏத்தியாச்சுக்கா! செங்கத்துக்காரர் ஒருத்தர், கொத்தனாரு, இதே கப்பல்லதான் போறாரு. அங்க கீற நம்ம மாமா பேரு சொன்னேன், தெரியும்னாரு. அவராண்டயே குடுத்துட்டேன். மூணு பேரு பின்னால வர்றாங்க, கப்பல்காரர்கிட்ட சொல்லிடுங்கன்னும் சொல்லிட்டேன்."

அம்மா டிக்கெட்டை நீட்டினாள். காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா. இனிமே வுட மாட்டாங்க."

"சார், எங்க மூட்டை உள்ள கீது சார்!" என்றார் மாமா.

"மூட்டை போவும்யா. இவங்கதான் போவ முடியாது."

மதிலுக்கு மேலே கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. அது நகர்ந்தபோதுகூட அம்மா நம்பவில்லை. "திருப்பி நிறுத்துறதுக்குத்தான் போவுது" என்றாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் பூத்திலிருந்து போன் போட்டுச் சொன்னோம். கடைக்காரர் சொல்ல மறந்துவிட்டார். வழியனுப்பிவிட்ட ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்று அம்மா மலையேற மறுத்தாள். மாமாவும் அவளும் சென்னையிலேயே ஒரு கட்டடத்தில் மணல் சுமந்தார்கள். நான் செங்கல் அடுக்கின் நிழலில் தம்பியைப் பார்த்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு அதோடு நின்றது. பிறகு பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவேயில்லை.

மூன்று வாரம் கழித்து, மறுபடி டிக்கெட் எடுத்து, எட்டு மணிக்கே வாசலில் போய் நின்று கப்பலேறினோம். மூன்று நாள் தண்ணீர். இறங்குமிடத்தில், மெலிந்து கறுத்துப்போய் அப்பா நின்றிருந்தார். நாங்கள் வருவது யார் சொல்லித் தெரியும் என்று அம்மா கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லையாம். இடையில் வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார், கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலுக்குக்கூட.

அறைக்குப் போனால், கட்டிலின் மேல் எங்கள் மூட்டை. அம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"ஏன்யா, பிரிச்சிக்கூடப் பாக்கலியா?"

"இன்னாத்துக்குப் பிரிக்கணும்? மூட்டை வந்துட்ச்சி, ஆளு வராமயா பூடும்?" என்றவர் தம்பியை நோக்கிக் கை நீட்டினார். அவன் வீறிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டான். இரண்டு நாள் ஆயிற்று அவரிடம் போக.

அப்பா இப்போது இல்லை. அம்மா என் தம்பியோடு ஊர்ப்பக்கம் திரும்பி, செங்கத்தில் இருக்கிறாள். மலைக்குப் பேருந்து வருகிறது; வரும் நேரத்தை எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் சமையல் வேலை, தோட்ட வேலை என்று கிடைத்ததைச் செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிகிறேன். போன மாதம் ஒரு சமையல் வேலைக்காக மறுபடி போர்ட் பிளேருக்குக் கப்பலில் போனேன். இறங்கியவர்கள் எல்லாரும் காதில் போனை வைத்து 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். கரையில் டாக்சிக்காரர்களைத் தவிர யாரும் நிற்கவில்லை. சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு வழி கேட்டு நடந்தேன்.