நிழல் பட்ட குழந்தை

போலந்தில் எனக்கு வேலை முட்டைக்குள் பார்ப்பது. பகலிலும் இருட்டாக வைத்திருக்கும் அறையில், விளக்குப் பெட்டிமேல் முட்டைகள் வரிசையாக உருண்டு வரும். வெளிச்சம் பட்டு ஒவ்வொன்றும் உள்ளுக்குள் சிவந்து தெரியும். கறுப்பாக நிழல் இருந்தால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பத்து மாதமாகியும் அந்த நிழலைத் தொட்டால் என் பிடரி சில்லிடுகிறது.

விரிசல் விட்டவற்றை மேற்பார்வையாளர் மார்த்தா சும்மாவே தருவாள். 'யாய்கோ', முட்டை, என்று நீட்டுவாள். நான் வேண்டாம் என்பேன். உங்கள் சாமிக்கு ஆகாதா என்று ஒருநாள் கேட்டாள். எங்கள் சாமி கிடாயே தின்னும். அதை அவள் மொழியில் சொல்லத் தெரியாமல் தலையாட்டி வைத்தேன். அன்றிலிருந்து என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் மகள் தின்னாத முட்டையை நான் தின்ன மாட்டேன். அவ்வளவுதான்.

கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே எங்கள் ஊர். மூத்தவள் செல்விக்கு ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு வந்து கழுத்து துவண்டது. தொடைச்சதை வற்றித் தோல் தொங்கியது. பொழுது சாயும்போது தலைக்குமேல் பறவை கத்திப் போயிருக்கிறது, அதன் நிழல் பட்டுவிட்டது, பட்சி தோஷம் என்றார்கள் ஊர்க் கிழவிகளும் பூசாரியும். நிழல் பட்ட பிள்ளைக்குக் கோழியும் முட்டையும் ஆகாது, வீட்டுக்குள் ஓடுகூட வரக்கூடாது என்றார்கள். பால்வாடி டீச்சர் அவித்த முட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"புள்ள பசியில கெடக்குதுப்பா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம், வா."

"உன் முட்டைய எட்த்துக்கினு போ. எம்பொண்ணக் கொல்ல வந்தியா?"

கத்தியது நான்தான். கிழவிகள் அல்ல, பூசாரி அல்ல. மந்திரித்துவிட்டுக் கஞ்சித்தண்ணீர் மட்டும் ஊற்றினோம். ஒன்பதாம் நாள் அவள் அழுவதை நிறுத்தினாள். எந்தப் பறவையும் அவளைக் கொல்லவில்லை. இதைப் படித்து ஊரில் யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

இப்போது இளையவளுக்கும் ஒன்றரை வயது. பிள்ளை இளைக்கிறாள், அக்கம்பக்கத்தில் அதே பேச்சு கிளம்பிவிட்டது என்று போன வாரம் மனைவி கோவிந்தம்மாள் போனில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் காட்டு, டாக்டர் சொன்னால் முட்டை கொடு என்றேன்.

"அன்னிக்கி நீங்கதான வாணான்னீங்க," என்றாள்.

காட்டினாள். டாக்டர் முட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று வீடியோவில் வந்தாள். எனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை, அங்கே பொழுது சாய்கிற நேரம். வாசலில் உட்கார்ந்து முதல் வாய் ஊட்டினாள். மஞ்சள் ஒட்டிய வாயோடு பிள்ளை சிரித்தது. மேலே எதுவோ கத்தியது. வாசலில் ஒரு நிழல் ஓடியது.

இவ்வளவும் எழுதுகிற இதே கை, என்னைக் கேட்காமல், போன் திரையில் பிள்ளையின் தலைக்குமேல் குடை மாதிரி கவிந்துகொண்டது.

கோவிந்தம்மாளும் வானத்தைப் பார்த்தாள். "ஊட்டட்டா, வாணாவா?"

"ஊட்டு," என்றேன். கையை எடுக்கவில்லை.