அறுபத்தைந்தாம் பக்கத்துக்காக

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே இடுப்பு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. நான் சிறிய பதிப்பாளன். சென்னையில் பைண்டிங் கூலி கட்டுப்படியாகாததால் திண்டிவனத்தில் கொடுக்கிறேன். அங்கே மிச்சமாவதை என் இடுப்பு கட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்பது மணிக்குத் திண்டிவனம். மேம்பாலத்தருகே இறங்கி பைண்டர் சேகர் கடைக்கு நடந்தேன். தரையெங்கும் மடித்த தாள்கள். ஒரே தாளில் பதினாறு பக்கம் அச்சிட்டு மடித்தால் அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, ஒட்டி, ஓரம் வெட்டினால் புத்தகம். ஐந்நூறு பிரதிகளில் ஒன்றை மட்டும் முதலில் முடிக்கச் சொல்லியிருந்தேன். தன் வாழ்க்கைக் கதையாக அதை எழுதியவர் ராஜேஸ்வரி அம்மா, கண்டாச்சிபுரத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவருக்கு வயிற்றில் ஆப்பரேசன். அதற்குள் புத்தகத்தைக் கையில் பார்த்துவிட வேண்டும் என்று போனில் கேட்டிருந்தார்.

"வெட்டி ரெடியா வெச்சிட்டேன் சார். ஜல்தியா எடுத்துக்கினு போங்க" என்றார் சேகர்.

முண்டியம்பாக்கம் முப்பது கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோல்கேட் வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன். கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

பெண்கள் வார்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரி அம்மா அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. நேராக நடுவில் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"சார், என்னோட சண்ட போட்ட மாமியா இதுல ரெண்டு தடவ வர்றாங்க. செத்துப்போன எம்பொண்ணு ஒரு தடவகூட வரலியே."

வாங்கிப் பார்த்தேன். நான்காம் ஃபாரம் இரண்டு முறை இருந்தது, ஐந்தாம் ஃபாரம் இல்லை. அறுபத்தைந்தாம் பக்கத்தில் தொடங்க வேண்டிய 'மலர்க்கொடி' அத்தியாயத்தையே காணோம். வெட்கத்தில் உடம்பு கூசியது.

"போன்ல முழுப் புத்தகமும் இருக்கும்மா. காட்டட்டுமா?"

"நீங்க அனுப்பனப்பவே போன்ல பாத்துட்டேன் சார். புஸ்தகத்துல அவள ஒரு தடவ பாத்துட்டு உள்ள போறேன்."

மறுபடி திண்டிவனம். உச்சி வெயில், உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். வழியில் திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் சேகரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டன.

"அடுக்கசொல்ல மாறிப்போச்சு சார். கரண்டு வேற இல்ல, வெட்டுற மிஷினு ஓடாது. ஒரே பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு மணி வரை காத்திருந்தும் கரண்டு வரவில்லை. ஓரம் வெட்டாத ஐந்தாம் ஃபாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மாலை ஐந்தரைக்கு அதே கட்டில். தாளை நீட்டினேன். உள்பக்கங்கள் மடிப்புக்குள் மூடிக்கிடந்தன. மேலே தெரிந்தது அறுபத்தைந்தாம் பக்கம், அதன் தலையில் மகளின் பெயர். அந்த ஒரு பக்கத்தை உதடு அசையப் படித்தார். மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். நாளைக்கி வெளிய வந்து நானே பிரிச்சிக்கிறேன்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்றேன். எத்தனையோ புத்தகம் போட்டிருக்கிறேன், ஒரு வாசகருக்காக இப்படிப் பயந்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க உடம்பு ஏங்கியது. சென்னை பஸ் ஒன்று வந்து காலியாகவே போனது. அடுத்து வந்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே லாட்ஜில் தங்கினால் காலையில் ஆஸ்பத்திரிக்கு எட்டு கிலோமீட்டர்தான்.