சாம்பல் திரையும் ஷிபாவின் ஆய்வேடும்

செல்லபாய்க்கு வாய் வேகம். விரல் அதைவிட வேகம். மார்த்தாண்டத்துக்காரியை நேமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டினவன் குடித்தே செத்தான். அவள் அழுதது கொஞ்சம், ஆத்திரப்பட்டது அதிகம். டைப் அடித்தே மகளைக் கரையேற்றினாள். டைப்ரைட்டர் காயலான் கடைக்குப் போனபிறகு, கரமனையில் பகவதிப்பெருமாள் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து, கல்லூரிக்காரர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுத்தாள்.

அது இரண்டாயிரத்து ஒன்று. கடையில் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், லினக்ஸ் போட்டது. பகவதிப்பெருமாள் பிள்ளையார் சுழி போடாமல் ஒரு காரியம் தொடங்கமாட்டார். அதனால் கம்ப்யூட்டருக்குள் நுழையும் பெயரையே ‘பிள்ளையார்’ என்று வைத்துவிட்டார். பகலில் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசிலும் மாலையில் இங்கேயும் வேலை பார்த்த யோசுவா, ஆளுக்கொரு பெயர் வைப்பதுதான் முறை என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற அவனும் செல்லபாயும் தினமும் பிள்ளையாரைத் தட்டித்தான் உள்ளே போனார்கள். கர்த்தர் மன்னிப்பார், சம்பளம் தருகிறவர் மன்னிக்கமாட்டார் என்பது செல்லபாயின் கட்சி.

ஐப்பசியில் ஒரு நாள் மதியத்துக்குமேல் இடி இறங்கியது. அந்த ஊரில் இடி கேட்டால் யாரும் யோசிப்பதில்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். செல்லபாயும் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்திவிட்டுப் பிடுங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பயம் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை பிள்ளையாரைத் தட்டினாள். திரை முழுக்கச் சாம்பல். படம் இல்லை, கீழே கிடக்கும் பட்டை இல்லை, ஷிபா என்று எழுதிய ஃபோல்டர் இல்லை. நடுவில் பெருக்கல் குறி ஒன்று மட்டும் நின்றது.

ஷிபா ரசாயனம் படிப்பிக்கும் டீச்சர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் கஷ்டப்பட்டு எழுதிய ஆய்வேடு. அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் கெடு முடிந்தது. ஃப்ளாப்பி போடும் இடம் பழுதானதால் வேறு நகலும் கிடையாது. எதைத் தொட்டாலும் மிச்சமும் போய்விடும் என்று செல்லபாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பகவதிப்பெருமாள் வந்தார், பார்த்தார், சூடத்தை எடுத்தார்.

“பிளக்கைப் பிடுங்கினது நீதானே, செல்லபாயி?”

“ஆமா அண்ணாச்சி. சூடத்தைத் தள்ளிக் கொளுத்துங்க, இனி தீயும் பிடிக்காண்டாம்.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, யோசுவாவின் ஆபீசுக்குப் போன் சுழற்றும்போது விரல் இரண்டு தடவை தப்பு நம்பரில் விழுந்தது. ஆயிரம் பக்கம் பிழையில்லாமல் அடித்த விரல்.

அவன் முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“எக்கா, ஒண்ணும் போகல்ல. நேத்து மழை விட்டபிறகு நான் வந்தேன். உங்க விண்டோ மேனேஜர் ஏறி வர நேரமாகுதுன்னு வேற ஒண்ணை எடுத்துப் போட்டேன். எல்லாருக்கும் ஒரே பேரில்லா? நான் கடைசியா எடுத்ததே உங்களுக்கும் வந்து நிக்குது.”

“சிரிக்காத மக்கா. எனக்கு உயிரு போயிட்டு வந்துருக்கு.”

திரையில் ஜன்னல்களுக்குச் சட்டம் போட்டு, எது எங்கே நிற்கவேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் அந்த விண்டோ மேனேஜரின் வேலை, அடித்துவைத்த பக்கங்களை அது தொடாது என்று அவன் விளக்கினான். வெறும் இடத்தில் மவுஸை அமுக்கச் சொன்னான். ஒரு சின்னப் பட்டியல் எட்டிப் பார்த்தது. அதில் கடைசி வரியைப் பிடித்து வெளியே வந்தாள். பெயர் தட்டும் பெட்டிக்குக் கீழே ஒரு பொத்தான். இத்தனை மாதமாக அதை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை. அமுக்கினால் கே.டி.இ., க்னோம், விண்டோ மேக்கர், டி.டபிள்யூ.எம். என்று திரைகளின் வரிசை. அவளுக்குப் பழகிய கே.டி.இ.யை எடுத்தாள். அது முக்கி முனகி ஏறி வந்தது. ஃபோல்டர் இருந்தது. திறந்தாள். கடைசி அத்தியாயம் கடைசிப் புள்ளி வரைக்கும் இருந்தது.

நம்பிக்கை வரவில்லை. வெளியே வந்து க்னோமை எடுத்தாள், அங்கேயும் இருந்தது. விண்டோ மேக்கரில் மூலைக்கு மூலை சதுரங்கள்தான் தெரிந்தன. தேடிப்போனால் அங்கேயும் ஷிபா இருந்தாள். காலையில் கொலைகாரன் மாதிரி முழித்த டி.டபிள்யூ.எம்.மின் சாம்பல் திரைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவள் மூச்சு விட்டாள்.

பின்னால் நின்ற பகவதிப்பெருமாளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. “நேத்து சந்தனக்காப்பு, இன்னிக்கு வெண்ணெய்க்காப்பு. சாமி அதே சாமிதான்” என்றார். செல்லபாய் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்திருந்த மரச்சீனிக் கிழங்கை மீன்கறியோடு, அந்த வாடைக்கு அவர் முகம் சுளிப்பதையும் பார்க்காமல் தின்றாள்.

ஷிபா பதறிக்கொண்டு வந்தபோது கட்டு தயாராக இருந்தது. தடையொன்றும் வரவில்லையே சேச்சி என்று கேட்டாள். “என்ன தடை?” என்றாள் செல்லபாய்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் கண் சொக்கிவிட்டது. இறங்கவேண்டிய நேமம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பாலராமபுரத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினான். வேறு நாளென்றால் அவன் தலைமுறையையே இழுத்துத் திட்டியிருப்பாள். அன்று பேசாமல் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்புகிற பஸ்ஸுக்கு நின்றாள்.